ஆஸ்திரியாத் தகடு

நியூ ஜெர்ஸியில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் மூன்றாவது வாக்கியத்துக்குள் ஊர் வந்துவிடும். ஊர் தெரிந்தால் தெரு, தெரு தெரிந்தால் பள்ளிக்கூடம், அதற்கு மேல் நாசூக்காக என்னவெல்லாம் தெரிந்துகொள்ளலாமோ அத்தனையும். நானும் அப்படித்தான் கேட்டேன். தொண்ணூற்றாறாம் வருடக் குளிர்காலம். பிஸ்கட்டவேயில் நாங்கள் குடியிருந்த அப்பார்ட்மென்டின் லாண்டரி அறை. அங்கே துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கூடையில் ஒரு தமிழ் வார இதழ் கிடந்தது. அந்த நாட்களில் தமிழ் எழுத்தைப் பார்த்தாலே எனக்கு வாய் சும்மா இருக்காது.

"நீங்க எந்த ஊருங்க?"

"பிஸ்கட்டவே" என்றார்.

"இல்லங்க, சொந்த ஊர்?"

"சி பில்டிங். ரெண்டாம் மாடி."

அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் என் கையிலிருந்த எவர்சில்வர் டப்பாவை வாங்கினார். அம்மா முறுக்கு போட்டுக் கொடுத்தனுப்பியது. முறுக்கு தீர்ந்த பின் அதில் சோப்புத்தூள் வைத்திருந்தேன். நகத்தால் ஒருமுறை சுண்டி, காதோரம் வைத்துக் கேட்டார். "இது எங்கயிருந்து வந்தது?"

"கரூர்ல அம்மா வாங்கினது."

"கடையைக் கேக்கேல்லைத் தம்பி. இரும்பு எங்கத்தையான்?"

தெரியாது என்றேன். பெற்ற பிள்ளையின் பிறந்தநாள் தெரியாதவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்.

பேச்சிலிருந்து இலங்கைக்காரர் என்பது மட்டும் புரிந்தது. போர் நடந்துகொண்டிருந்த அந்தத் தீவிலிருந்து வந்த ஒருவரிடம் ஊரைக் கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பின்னால் உறைத்தபோது கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். விமானத்துக்குப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் உலோகப் பரிசோதனை வேலை. தனியாக இருந்தார். 'ஆன்ட்டி' என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் பிறகு அக்காதான்.

மனிதர்களிடம் கேட்காத கேள்வியை அவர் உலோகத்திடம் கேட்டார். எங்கள் வீட்டுக்கு முதல்முறை சாப்பிட வந்தவர், என் மனைவி வசந்தியின் குத்துவிளக்கு, குக்கர், இட்லித் தட்டு என்று ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்து, அது வந்த வழியை விசாரித்தார். வசந்திக்கு முதலில் எரிச்சல்தான். "நகைக்கடைக்காரர் மாதிரி பாக்கறாங்க" என்றாள். அடுத்த வாரம் நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. பாத்திரத்தில் பேர் வெட்டுவது நமக்கொன்றும் புதிதல்ல. என் அம்மா வீட்டு அண்டாவில் தாத்தாவின் இனிஷியல்கூட இருக்கிறது. அக்கா வெட்டியிருந்தது பேரை இல்லை, வந்த வழியை. கரண்டியின் காம்பில் 'எடிசன், ஓக் ட்ரீ ரோடு' என்று பொடி எழுத்தில் இருந்தது. சுத்தியலில் 'ட்ரென்டன், ஒரு கிழவரின் வீட்டுச் சாமான் விற்பனை' என்று இருந்தது. வெட்டுவதற்கென்று மின்சாரப் பேனா ஒன்று வைத்திருந்தார். ஊரிலிருந்து வந்ததாக ஒரு ஸ்பூன்கூட அந்த வீட்டில் இல்லை என்பதை வசந்திதான் கவனித்தாள். அவள் எரிச்சல் அன்றோடு போயிற்று.

இப்படிப்பட்டவருக்குப் பனிச்சறுக்குப் பலகைப் பைத்தியம் பிடித்தது எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். ஆபீஸில் எல்லோரையும் பென்சில்வேனியாவில் ஒரு மலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். மற்றவர்கள் கோகோ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒருவன் ஒற்றைப் பலகையில் இரண்டு காலையும் பூட்டிக்கொண்டு, கை தரையைத் தொடுமளவுக்குச் சாய்ந்து இறங்குவதை அக்கா பார்த்தார். அவன் போன வழியில் கத்தியால் கீறியது மாதிரி ஒரு கோடு இருந்ததாம். அந்தக் கோட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் அக்காவுக்குக் கை தானாக அசையும்.

பலகை வாங்கினார். சரிப்படவில்லை. கோடு கீறும் பலகைகள் எல்லாம் தொண்ணூறு கிலோ ஆண்களுக்காகச் செய்தவை. அக்கா நாற்பத்தேழு கிலோ. அவர் சாய்ந்தால் பலகை சாயாது. மெல்லிய பலகை எடுத்தால் அது சாயும், ஆனால் நடுங்கும். "இங்க விழுறது ஸ்நோ இல்லைத் தம்பி. மழை பெஞ்சு உறைஞ்ச கண்ணாடி. அதில வேகமா வந்தால் பலகை நடுங்கும், முழங்கால் நடுங்கும், பல்லும் நடுங்கும்." எனவே தானே செய்யத் தொடங்கினார். ஒரு கராஜை வாடகைக்கு எடுத்தார். மரம், கண்ணாடி நாரில் நெய்த துணி, பசை எல்லாம் போன் செய்தால் வீட்டுக்கே வந்தன. வராதது உலோகம்.

பலகைக்குள் மரத்துக்கு மேலும் கீழும் ஒரு மெல்லிய தகடு வைத்து ஒட்டினால் நடுக்கம் அடங்கிவிடும். அது சாதாரண அலுமினியம் இல்லை. ஆஸ்திரியாவில் ஒரு ஆலையில், காலுக்கொன்றாக மாட்டும் சறுக்குக் கட்டையான ஸ்கீ செய்பவர்களுக்காகவே உருக்கி உருட்டுகிற கலவை. தடிப்பு அரை மில்லிமீட்டர்கூட வராது. வளைத்தால் வளைந்து, விட்டால் நேராகிவிடும். ஆலைக்கு எழுதினார். ஒரு டன்னுக்குக் குறைந்து விற்பதில்லை என்று பதில் வந்தது. அக்காவுக்குத் தேவை ஒரு தகடு. ஸ்கீ கம்பெனிகளுக்கு எழுதினார், பதிலே இல்லை. அவர் சோர்ந்து நான் பார்த்ததில்லை. "எனக்கு நடுங்காமல் ஒருக்கா இறங்க வேணும். ஒருக்காக் காணும்" என்பார். அவர் பேச்சில் காணும் என்றால் போதும்.

அதுவரைக்கும் பழைய ஸ்கீக்களைப் பிரித்தார். ஊரில் எந்தத் தெருவில் வீட்டுப் பழஞ்சாமான் விற்பனை நடந்தாலும் சனிக்கிழமை காலையில் அக்காவின் கார் நிற்கும். வாங்கி வந்து, பக்கவாட்டில் இருக்கும் எஃகு விளிம்பை முதலில் உரிப்பார். பிறகு சூடு காட்டிப் பசையை இளக்கி, உள்ளே இருக்கும் தகட்டைக் கீற்றாக எடுப்பார். அதில்தான் சூட்சுமம். சூடு குறைந்தால் பசை விடாது. கூடினால் தகட்டின் பதம் போய்விடும். பார்வைக்கு அப்படியே இருக்கும், உயிர் இருக்காது. ஒருநாள் நானும் வசந்தியும் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா விரலைத் தண்ணீரில் நனைத்துத் தகட்டின் மேல் தெளித்தார். சுர்ரென்றது.

"அய்யோ, இது தோசைக்கல்லுக்குப் பண்றது" என்றாள் வசந்தி.

"வேற எப்பிடிப் பாக்கிறது? சுர்ரெண்டு அடங்கவேணும். தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடிச்செண்டால் தகடு செத்துப் போச்சு." அந்தக் கராஜில் வெப்பமானிகள் மூன்று இருந்தன. அவற்றை அவர் சந்தேகப்பட்டார்.

கீற்றுகள் கிடைத்தன. பலகை அகலத்துக்கு முழுத் தகடு கிடைக்கவில்லை. கடைசியில் நியூ ஹாம்ப்ஷயரில் ஸ்கீ பட்டறையை மூடிவிட்ட ஒரு வெள்ளைக்காரரைக் கண்டுபிடித்தார். அவரிடம் ஒரே ஒரு தகடு மிச்சமிருந்தது. விற்க மாட்டேன் என்று இரண்டு முறை போனில் சொல்லியிருக்கிறார். "விக்க வேண்டாம், காட்டினால் காணும்" என்று அக்கா கிளம்பிவிட்டார். அவர் காரில் அவ்வளவு நீளத் தகட்டை வைக்க முடியாது. என்னுடையது நீள வண்டி. காட்ட மட்டும் சொன்ன பொருளுக்கு நீள வண்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை. வசந்தி கட்டிக் கொடுத்த புளியோதரையோடு ஆறு மணி நேரம் ஓட்டினேன்.

பட்டறை மேசைக்கு அடியிலிருந்து அந்த மனிதர் தகட்டை இழுத்தார். ஆறடி நீளம், இரண்டடி அகலம், மங்கலான சாம்பல் நிறம். பசை பிடிப்பதற்காக ஆலையிலேயே மேல்பக்கம் பதம் செய்தது என்பதால் வெறுங்கையால் தொடக்கூடாது. அக்கா வெள்ளைக் கையுறையைத் தயாராகக் கொண்டுவந்திருந்தார். சுண்டினார். நீளமாக ஒரு சத்தம் போய் அடங்கியது. எந்த ஆலை, எந்த வருடம், எந்த வழியாக வந்தது என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த மனிதர் சொல்லச் சொல்ல முகம் இளகியது. முப்பது வருடத்தில் இதையெல்லாம் யாருமே கேட்டதில்லை என்றார். பிறகு, நீ எங்கிருந்து வருகிறாய் என்று அவர் கேட்டார். "பிஸ்கட்டவே" என்றார் அக்கா. அவர் சிரித்துவிட்டு, எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். வரும் வழியெல்லாம் அக்கா பின்சீட்டில் தகட்டின் மேல் ஒரு கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

வெட்டினால் சரியாக ஒரு பலகைக்கு இரண்டு துண்டு. ஒரு விரல் மிச்சமில்லை. கராஜ் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சரிபண்ணும் வரை தகடு வளையாமல் எங்கேயாவது படுத்திருக்க வேண்டும். "உங்கட கட்டில் பெரிய கட்டில் தானே, தம்பி?" என்றார். பழைய பெட்ஷீட்டில் சுற்றி எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்தோம்.

அந்த இலையுதிர் காலத்தில் மான்மவுத் ஜங்ஷனில் நாங்கள் ஒரு டவுன்ஹவுஸ் வாங்கினோம். கட்டிலோடு தகடும் வந்தது. கிரகப்பிரவேசத்தன்று அக்கா வேலை விஷயமாக டெக்ஸாஸில் இருந்தார். ஸ்மோக் அலாரத்துக்கு ஷவர் தொப்பி மாட்டியாகிவிட்டது. நாற்பது பேர் வந்தாகிவிட்டது. வாத்தியார் அலுமினியத் தட்டில் மணல் பரப்பி, செங்கல் அடுக்கி, ஹோமத்துக்கு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தரையைப் பார்த்தார். புத்தம்புது கார்ப்பெட்.

"சார், தட்டுக்குக் கீழ ஏதாவது மெட்டல் ஷீட் போடணும். போன வாரம் எடிசன்ல ஒருத்தர் ஆத்துல கார்ப்பெட் பொத்தல். முகூர்த்தம் இன்னும் பத்து நிமிஷம்."

எனக்கு நினைவு வந்தது. வசந்திக்கும் அதே நொடியில் வந்திருக்க வேண்டும். மாடிப்படியில் வந்து மறித்தாள்.

"அது அக்காவோடது. கையால தொடவே கூடாதும்பாங்க."

"அடியிலதானே போடப்போறோம். மேல தட்டு இருக்கு, மணல் இருக்கு. சூடு எங்க இறங்கப் போகுது?"

நான் இன்ஜினியரிங் படித்தவன். அந்தத் தைரியம்தான் எனக்கு எப்போதும் வினை.

ஹோமம் நன்றாகவே நடந்தது. நெய் தாராளமாக ஊற்றினார்கள். முடிந்து தட்டைத் தூக்கினால் அதன் அடி ஓட்டையாகியிருந்தது. தகட்டின் நடுவில் சாப்பாட்டுத் தட்டளவுக்குக் கறுப்பு. அதற்குக் கீழே கார்ப்பெட் இளம்பழுப்பாக வெந்திருந்தது. சூடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அந்தக் கார்ப்பெட்டே சொன்னது. அதைத் தேநீர் மேசையால் மறைத்தேன். தகட்டை அன்று மாலையே குளியல் தொட்டியில் வைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. இவ்வளவுதானே என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

அக்கா திரும்பி வந்து, கையுறை போட்டுக்கொண்டு, பெட்ஷீட்டைப் பிரித்தார். ஓரத்தில் சுண்டினார். நடுவில் சுண்டினார். மறுபடி நடுவில் சுண்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இது எங்க இருந்தது?"

"கட்டிலுக்கு அடியிலதான்க்கா."

சமையலறையில் வசந்தி குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அக்கா "ஓம்" என்றார், சரி என்பதுபோல. சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். வசந்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதம் போல ஒரு காலம் எனக்கு வேண்டாம். சொல்லிவிடலாம் என்று போவேன். அவர் டீ போட்டுத் தருவார். ஆபீஸ் கதை பேசிவிட்டு வருவேன். செத்த தகட்டை வைத்து ஒட்டிய பலகை உறைந்த மலையில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். விட்டால் நேராகாது, மடங்கும். அந்த வேகத்தில் மடங்கினால் கழுத்து. இது தெரிந்தும் நான் டீ குடித்தேன். கோழைத்தனத்துக்கு வேறு நல்ல பேர் இருந்தால் சொல்லுங்கள், எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரியில் போன் வந்தது. "பலகை முடிஞ்சுது. சனிக்கிழமை வாறீங்களே?"

போனேன். பென்சில்வேனியா மலையடிவாரத்தில், கார் நிறுத்துமிடத்தில், அக்கா கார் டிக்கியில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பலகை. மேலே மரத்தின் ரேகை தெரிய, அழகாக இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, இதுல இறங்காதீங்க. அந்தத் தகட்டை நான் ஹோமத்துக்கு அடியில போட்டேன். ஒரு மணி நேரம் சூட்டுல இருந்துது. அப்புறம் புளி போட்டுத் தேய்ச்சேன்."

அவர் இடது பூட்ஸை முடித்தார். வலது பூட்ஸை முடித்தார். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"தெரியும். தட்டினவுடன தெரியும். புளி மணமும் இருந்தது."

"தெரிஞ்சா என்னை ஏன் கேக்கல?"

"கேட்டனான் தானே, தம்பி. எங்க இருந்தது எண்டு கேட்டனான். நீங்கள்தான் சொல்லேல்லை."

அந்தப் பலகையில் இருந்தது ஆஸ்திரியாத் தகடு இல்லை. பழைய ஸ்கீக்களில் உரித்த கீற்றுகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒட்டியிருந்தார். லிஃப்டில் ஏறிப் போனார். நான் கீழே கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். சின்ன உருவமாக மேலே தெரிந்து, ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து இறங்கினார். கை தரையை உரசியது. கோடும் விழுந்தது. ஆனால் கடைசிச் சரிவில், வெயில் படாத கண்ணாடித் தரையில் வந்தபோது எனக்கு நின்ற இடத்திலேயே கேட்டது. கடகடவென்று பலகை நடுங்கும் சத்தம். என் முன்னால் வந்து நின்று, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பரவாயில்லை. நடுங்குது" என்றார். என்னைக் குத்திக் காட்டும் தொனி அதில் கொஞ்சமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகு நான் தேட ஆரம்பித்தேன். கடையில் பாக்கிச் சில்லறையைக் கேட்கவே கூச்சப்படுகிறவன், முன்பின் தெரியாத பட்டறைகளுக்கெல்லாம் போன் செய்தேன். நியூ ஹாம்ப்ஷயர்காரரிடம் வேறு இல்லை. ஆலை எனக்கும் ஒரு டன் என்றுதான் பதில் எழுதியது. விமானக் கழிவு விற்கும் இடத்தில் தடிப்பு அதிகம். பெயர்ப் பலகை செய்பவர்களிடம் கிடைத்தது வெறும் அலுமினியம். கொண்டுபோய்க் காட்டுவேன். அக்கா சுண்டிப் பார்ப்பார். "எங்கயிருந்து வந்தது?" நான் முழு வழியையும் சொல்வேன், ஒன்று விடாமல். "நல்லது. ஆனால் இதில்லை" என்பார். இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த இரண்டு வருடம்தான் நாங்கள் மிக நெருக்கமாக இருந்த காலம்.

இரண்டாயிரத்தொன்றில் அவர் நிறுவனம் நியூ ஜெர்ஸிக் கிளையை மூடியது. வேலை வேண்டுமென்றால் டெக்ஸாஸுக்கு வரச் சொன்னார்கள். அங்கே மலையும் இல்லை, பனியும் இல்லை. "உலோகம் இருக்கு" என்றார். கிளம்பும் நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து, பெட்ஷீட்டில் சுற்றிய ஒன்றைத் தேநீர் மேசை மேல் வைத்தார். அதே பெட்ஷீட்.

தகட்டை இரண்டாக வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஒட்டாமல் ஆணியடித்து, முனைகளை மழுக்கியிருந்தார். பழைய ஸ்கீயின் எஃகு விளிம்பை வளைத்து நாலு குட்டிக் கால்கள் வைத்திருந்தார். "இனி ஆருக்கும் ஹோமம் எண்டால் இதை வையுங்கோ. காத்துப் போகும். கார்ப்பெட் எரியாது."

வசந்தி அழுதுவிட்டாள். அக்காவுக்கு அது பிடிக்காது, சீக்கிரமாகக் கிளம்பிவிட்டார். கார் திரும்பிய பிறகுதான் நான் அதைத் தலைகீழாகத் திருப்பினேன். பொடி எழுத்து.

'ஆஸ்திரியா. நியூ ஹாம்ப்ஷயர். பிஸ்கட்டவே. மான்மவுத் ஜங்ஷன், கட்டிலுக்கு அடியில். ஹோமத்துக்கு அடியில், ஒரு மணி நேரம். பென்சில்வேனியா, கார் நிறுத்துமிடம்.'

கடைசி இடத்துக்குத் தகடு போனதே இல்லை. போனவன் நான். 

அந்தப் பீடம் இன்றும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. எடிசன், பிஸ்கட்டவே, மான்மவுத் ஜங்ஷன் என்று எந்தத் தமிழர் வீடு வாங்கினாலும் முதல் நாள் எனக்குப் போன் வரும். திரும்பி வந்ததும் எந்த வீட்டுக்குப் போய் வந்தது என்று அடியில் வெட்டி வைக்கிறேன். அக்கா விட்டுப்போன மின்சாரப் பேனாதான். என் எழுத்து அவ்வளவு அழகாக வராது. வாங்க வருகிறவர்கள் சுண்டிப் பார்ப்பதில்லை. ஆனால் எல்லோரும் திருப்பிப் பார்க்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். கட்டிலையும் விடாமல், பொய்யையும் விடாமல், முழுதாகச் சொல்கிறேன்.

சொல்லி முடித்ததும், நம் ஆட்கள் அல்லவா, அடுத்த கேள்வி வந்துவிடும்.

"அந்தம்மா எந்த ஊர் சார்?"

"பிஸ்கட்டவே" என்கிறேன். "சி பில்டிங். ரெண்டாம் மாடி."